போலீஸ் துரத்தலில் ஒருவர் செத்தால் கொலை வழக்கு யார் மேல்?

கேள்வி – 2 பிப்ரவரி 2025, காலை 9.10

கலிஃபோர்னியாவில் ஒருத்தன் திருட்டு வண்டியில் ஓடுறான், போலீஸ் துரத்துது. சிக்னலில் போய் இடிச்சது போலீஸ் கார். செத்தது சம்பந்தமே இல்லாமல் ரோட்டில் போன ஆள். ஓடினவன் மேல எப்படிச் சாவு வழக்கு நிற்கும்? அவன் வண்டி யாரையும் தொடவே இல்லையே. போலீஸ் துரத்தாமல் விட்டிருந்தால் அந்த ஆள் உயிரோடு வீட்டுக்குப் போயிருப்பார். ஓடினதுக்கு அவனுக்குத் தண்டனை, சாவுக்குப் போலீஸ் பொறுப்பு. என் கணக்கு தப்பா?

2 பிப்ரவரி, காலை 11.40

பாதி தப்பு. இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். அவிழ்த்தால்தான் விளங்கும்.

முதல் கேள்வி: அவன் ஓடியதால்தான் இந்தச் சாவு நேர்ந்ததா? இது காரணத் தொடர்பு. இரண்டாவது: ஓடும்போது அவன் மனதில் என்ன இருந்தது? இது குற்ற மனம். சாவு வழக்கு நிற்குமா என்பதை முதல் கேள்வி முடிவு செய்யும். அது கொலையா, அதற்குக் கீழ்ப்படியில் உள்ள மேன்ஸ்லாட்டரா என்பதை இரண்டாவது முடிவு செய்யும்.

முதல் கேள்வியில் ஓடியவன் தப்பிப்பது அபூர்வம். நீங்கள் சொன்ன நிலைமையே கலிஃபோர்னியாவில் 1996-ல் ஷ்மீஸ் வழக்கில் வந்தது. மோட்டார் சைக்கிளில் ஒருவர் மணிக்கு 90 மைல் வரை பறக்கிறார், நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ் பின்னால் போகிறது. போலீஸ் கார் வேறொரு காரில் மோதி அதன் ஓட்டுநர் இறக்கிறார். மோட்டார் சைக்கிள் எதையும் தொடவில்லை. ஆனாலும் பெரும் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக அவருக்கே தண்டனை. துரத்தலில் எப்போது பின்வாங்க வேண்டும் என்ற போலீஸ் உள்விதிகளை ஜூரிக்குக் காட்ட ஓடியவர் தரப்பு கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. அப்பீலிலும் அது சரி என்றார்கள். அங்கே கேள்வி, போலீஸ் ஒழுங்காக ஓட்டினாரா என்பதில்லை. ஓடினால் துரத்துவார்கள், துரத்தும் வண்டி வேகமாக வரும், நடுவில் எவராவது மாட்டுவார் என்பதை எதிர்பார்த்திருக்க முடியுமா என்பதுதான். முடியும் என்றால் சங்கிலி அறுபடாது.

போலீஸ் தவறு செய்தது என்பது போலீஸ் மேல் தனி வழக்குக்குக் காரணமாகலாம். ஓடியவனின் கணக்கிலிருந்து அது கழியாது. ஒரே சாவுக்கு இரண்டு பேர் பொறுப்பாக இருக்க முடியும்; நூறு சதவீதத்தைப் பங்கு போடும் வேலை சிவில் கோர்ட்டுடையது.

ஓடும்போது சாவு நேர்ந்தால் கலிஃபோர்னியாவில் அது தானாகவே ஃபெலனி மர்டர், அதாவது பெருங்குற்றம் செய்யும்போது எதிர்பாராமல் நேர்ந்தாலும் கொலை.

2 பிப்ரவரி, இரவு 10.05

காரணத் தொடர்பு எவ்வளவு தூரம் நீளும் என்று கேட்டிருந்தீர்கள். வானம் வரை நீண்டிருக்கிறது. அகோஸ்டா வழக்கு.

10 மார்ச் 1987, இரவு 10 மணி, சாண்டா அனா. வாகனத் திருட்டுப் பிரிவின் இரண்டு போலீசார், திருடப்பட்ட நிசான் பல்சரில் உட்கார்ந்திருந்த அகோஸ்டாவை நெருங்குகிறார்கள். அவர் வண்டியை இரண்டடி நகர்த்துவதுபோல் நகர்த்திச் சட்டென்று அழுத்திவிட்டார். ஆரஞ்சு கவுண்டி முழுக்க 48 மைல் ஓட்டம், பெரும்பாலும் 60-லிருந்து 90 மைல் வேகம். எதிர்த்திசையில் ஓட்டினார், சிவப்பு விளக்குகளைத் தாண்டினார், சிக்னலில் எல்லாத் தடமும் அடைத்திருந்தபோது மண் ஓரமாக இறங்கிப் போனார். முன் டயர் வெடித்த பிறகும் 55–60-ல் போனார். பக்கத்தில் வந்த போலீஸ்காரரைப் பார்த்துச் சிரித்ததும் பதிவாகியிருக்கிறது.

மேலே நியூபோர்ட் பீச், கோஸ்டா மேசா நகரங்களின் போலீஸ் ஹெலிகாப்டர்கள். கோஸ்டா மேசா ஹெலிகாப்டர் முன்னால், தாழ்வாகப் போனது. நியூபோர்ட் எல்லைக்குள் வந்ததும் முன்னிலையை மாற்றிக்கொள்ள முடிவு செய்கிறார்கள். வழக்கமான முறை இது: முன்னால் போவது வலப்பக்கம் விலகி, கடிகாரச் சுற்றில் மற்றதன் பின்னால் வந்து 500 அடிக்கு ஏற வேண்டும். பின்னால் வருவது நேராகப் போய்க்கொண்டே 300 அடிக்கு இறங்க வேண்டும். அன்று, விலகிய கோஸ்டா மேசா ஹெலிகாப்டர் ரேடியோத் தொடர்பை முடித்துக்கொண்ட பிறகு, வலது பின்புறத்திலிருந்து நியூபோர்ட் ஹெலிகாப்டரின் அடியில் வந்து மோதியது. இரண்டும் விழுந்தன. கோஸ்டா மேசா ஹெலிகாப்டரில் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள்.

ஜூரி மூன்று இரண்டாம் நிலைக் கொலைகள் (முதல் நிலைக்கு ஒரு படி கீழே உள்ள கொலை) என்றது. 1991-ல் அப்பீல் மன்றம் இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக எடுத்தது. காரணத் தொடர்பு இருக்கிறது என்றது: தரைத் துரத்தலில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதியது அதற்கு முன் நடக்காததாக இருக்கலாம், ஆனால் துரத்தும் சூட்டில் ஒருவர் கவனம் தவறுவது கற்பனைக்கு எட்டாததல்ல. இதை ஒரு நீதிபதி ஏற்கவில்லை, மாறுபட்டு எழுதினார். ஆனால் கொலைக்கு வேண்டிய மனம் இல்லை என்று மூன்று கொலைத் தீர்ப்புகளும் ரத்தாயின. வானத்தில் இருப்பவர்களின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் துணிந்தார் என்பதற்குச் சாட்சியமே இல்லை.

உறுத்தும் இடம் இங்கேதான். அதே ஓட்டத்தில் தரையில் ஒரு குடும்பம் அடிபட்டுச் செத்திருந்தால் கொலைத் தீர்ப்பு நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன். ஓட்டியவர் செய்ததில் ஒரு அணுவும் மாறவில்லை. செத்தவர் எங்கே இருந்தார் என்பது மட்டும் மாறியது.

3 பிப்ரவரி, காலை 7.20

திருத்தம். முதல் குறிப்பின் கடைசியில் "தானாகவே ஃபெலனி மர்டர்" என்று எழுதியது தவறு. அப்படியே யாரும் எடுத்துப் போட வேண்டாம்.

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2005-ல் ஹோவர்ட் வழக்கில் அந்தக் கதவை மூடியது. 2002, ஃபிரெஸ்னோ. பின் நம்பர் பிளேட் இல்லாத ஷெவர்லே டாஹோ ஒன்றை நிறுத்துகிறார்கள். ஓட்டுநர் நின்றார். போலீசார் இறங்கி நடந்து வரும்போது கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டார். வண்டி திருட்டு வண்டி. சிவப்பு விளக்கு, தவறான பக்கம், எல்லாம் நடந்தது. ஆபத்து அதிகமாகிவிட்டது என்று போலீசார் துரத்தலைக் கைவிட்டார்கள். சற்று நேரத்தில் இன்னொரு சிவப்பு விளக்கைத் தாண்டி ஒரு காரில் மோதி, அதில் இருந்த பெண் இறந்தார்.

கீழ்க்கோர்ட் ஃபெலனி மர்டர் என்றது. உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சொற்களைப் பார்த்தது. வாகனச் சட்டம் 2800.2 பொறுப்பற்ற முறையில் தப்பியோடுவதைப் பெருங்குற்றம் ஆக்குகிறது. ஆனால் அதன் உட்பிரிவு, ஓடும்போது மூன்று புள்ளிக்குற்றங்கள் (ஓட்டுநர் உரிமத்தில் கறுப்புப் புள்ளி சேர்க்கும் போக்குவரத்து மீறல்கள்) செய்தாலே பொறுப்பற்ற ஓட்டல் என்கிறது. ஸ்டாப் பலகையில் முழுசாக நிற்காதது, முன்கூட்டியே சிக்னல் போடாமல் திரும்பியது, உரிமம் முடக்கப்பட்ட நிலையில் ஓட்டியது, எல்லாமே புள்ளிக்குற்றம்தான். இந்த மூன்றையும் மிதமான வேகத்தில் செய்யலாம், யார் உயிருக்கும் ஆபத்தில்லாமல். ஆகவே இந்தப் பிரிவு இயல்பிலேயே உயிராபத்தானது அல்ல, அதை வைத்துத் தானாகக் கொலை என்று சொல்ல முடியாது. தீர்ப்பு ரத்து.

2019 ஜனவரி 1 முதல் அமலான சட்டத்திருத்தம் மிச்சத்தையும் சுருக்கியது. இன்றைக்கு அங்கே ஓட்டத்தில் நேர்ந்த சாவு இரண்டாம் நிலைக் கொலை ஆக வேண்டுமென்றால், ஓட்டுநரின் சொந்த மனதை நிரூபித்தாக வேண்டும். இந்த ஆபத்து உயிரைக் குடிக்கும் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் பொருட்படுத்தவில்லை. இதைத்தான் வாட்சன் மர்டர் என்பார்கள்.

3 பிப்ரவரி, மதியம் 1.15

வாட்சன் யார் என்று கேட்டவருக்கு: 1981 தீர்ப்பு. போலீஸ் துரத்தல் அல்ல, குடிபோதை ஓட்டல். 35 மைல் வரம்புள்ள தெருவில் 84 மைல். அதற்குச் சற்று முன்தான் சிவப்பு விளக்கைத் தாண்டி வேறொரு கார் மேல் மோதாமல் மயிரிழையில் தப்பி, கிறீச்சிட்டு நின்று, மறுபடி அதே வேகத்தில் போயிருக்கிறார். அடுத்த சந்திப்பில் இரண்டு உயிர். அந்த மயிரிழைதான் முக்கியம். ஆபத்து என்று அந்த நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. துரத்தல் வழக்குகளிலும் பிராசிக்யூட்டர் முதலில் தேடுவது இதைத்தான்: சாவுக்கு முன்னால் நடந்த தப்பித்தல்கள். டேஷ்கேமில் ஒரு பாதசாரி துள்ளி விலகுவது தெரிந்தால் வழக்கு ஒரு படி ஏறிவிடும்.

3 பிப்ரவரி, இரவு 9.30

தண்டனைப் படிக்கட்டு, கலிஃபோர்னியா மட்டும்:

2800.1, சும்மா ஓடுதல்: சிறு குற்றம், கவுண்டி சிறை அதிகபட்சம் ஓராண்டு.
2800.2, பொறுப்பற்ற முறையில் ஓடுதல்: 16 மாதம், 2 அல்லது 3 ஆண்டு. இல்லையென்றால் கவுண்டி சிறை.
2800.3, ஓடியதால் மரணம்: 4, 6 அல்லது 10 ஆண்டு. இதற்குக் கொலை மனம் தேவையில்லை. வேண்டுமென்றே ஓடினார், அது மரணத்துக்குக் காரணமானது என்பது போதும்.
பெரும் அலட்சிய வாகன மேன்ஸ்லாட்டர்: 2, 4 அல்லது 6 ஆண்டு.
இரண்டாம் நிலைக் கொலை: 15 ஆண்டு முதல் ஆயுள் வரை.

கவனியுங்கள், ஓட்டத்துக்கென்றே செய்த 2800.3 பெரும் அலட்சிய மேன்ஸ்லாட்டரைவிடக் கனமானது. மரணம் நேர்ந்த துரத்தலில் அரசுத் தரப்பு கையில் எடுக்கும் முதல் கருவி அதுதான். கொலை அதற்கு மேல் இன்னொரு குற்றச்சாட்டாகச் சேரும்.

4 பிப்ரவரி, காலை 8.00

2800 வரிசை வழக்குகள் உடையும் இடம். வேகத்திலும் மோதலிலும் கவனம் போய்விடுவதால், அடிப்படைக் கூறுகளை நிரூபிக்க மறந்துவிடுவார்கள். ஜூரி முன்னால் நான்கும் வர வேண்டும்: போலீஸ் வண்டியில் முன்பக்கம் தெரியும் சிவப்பு விளக்கு குறைந்தது ஒன்று எரிந்து அதை ஓடியவர் பார்த்தார் அல்லது பார்த்திருக்க வேண்டும், தேவையான அளவு சைரன் ஒலித்தது, வண்டி போலீஸ் வண்டி என்று அடையாளம் தெரியும்படி இருந்தது, ஓட்டியவர் சீருடையில் இருந்தார்.

மூன்றாவதில்தான் பலர் வழுக்குவார்கள். 2006-ல் ஹட்சன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது: சிவப்பு விளக்கும் சைரனும் வேறு இரண்டு கூறுகள். அவற்றையே திரும்ப எண்ணி "அடையாளம் இருந்தது" என்று சொல்லக்கூடாது. அவற்றுக்கு மேல் கண்ணில் படும் ஒன்றாவது வேண்டும். கதவில் சின்னம் இல்லாத சாதா செடான், கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு விளக்கு என்றால் வழக்கு ஆட்டம் காணும். சீருடைக்கும் அதே கதி. சாதா உடையில் இருந்த துப்பறிவாளர் துரத்தினால் அந்தப் பிரிவு ஒட்டாது. துரத்தலில் சீருடைப் போலீசாரின் அடையாள வண்டி எந்த இடத்தில் சேர்ந்தது, அதற்குப் பிறகும் ஓடினாரா என்று நேரவாரியாக எழுதி வைத்தால்தான் தாங்கும்.

4 பிப்ரவரி, மாலை 6.45

"ஃபெலனி மர்டர் அங்கே செத்துவிட்டதா?" இல்லை. முதல் நிலைக்குச் சட்டமே பட்டியலிட்டிருக்கும் குற்றங்கள் உண்டு. கொள்ளை, பர்க்ளரி (திருட உள்ளே நுழைதல்), ஆளிடமிருந்து கார் பறிப்பு, தீவைப்பு, ஆள்கடத்தல், இன்னும் சில. தப்பியோட்டம் பட்டியலில் இல்லை. ஆனால் பட்டியல் குற்றத்தைச் செய்துவிட்டு ஓடினால், தற்காலிகமாகவாவது பாதுகாப்பான ஓரிடத்தை அடையும்வரை குற்றம் முடியவில்லை என்று கணக்கு. நடுவில் சாவு நேர்ந்தால் முதல் நிலைக் கொலை.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1978 ஃபுல்லர் தீர்ப்பு. மறுபடி ஃபிரெஸ்னோதான். 1977, ஒரு ஞாயிறு காலை எட்டரை மணி. கார் ஷோரூம் வளாகத்தில் இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு டயரை உருட்டிக்கொண்டு போவதை ஒரு ரோந்து அதிகாரி பார்க்கிறார். டயரைப் போட்டுவிட்டுப் பழைய பிளைமத் காரில் ஓடுகிறார்கள். துரத்தல், சிவப்பு விளக்கு, மோதல், அப்பாவி ஓட்டுநர் மரணம். டயர்கள் நான்கு வேன்களின் ஸ்டெப்னி. வேன்கள் பூட்டியிருந்தன.

அந்தப் பூட்டுதான் எல்லாம். கலிஃபோர்னியாவில் பூட்டிய வாகனத்துக்குள் திருட நுழைந்தால் பர்க்ளரி. பூட்டாத வாகனத்தில் எடுத்தால் வெறும் திருட்டு. பர்க்ளரி பட்டியலில் இருக்கிறது, திருட்டு இல்லை. ஆக, ஒரே டயர், ஒரே ஓட்டம், ஒரே சாவு. கதவு பூட்டியிருந்தால் முதல் நிலைக் கொலை வழக்கு, யாரோ பூட்ட மறந்திருந்தால் இல்லை. அப்பீல் மன்றமே இந்த விதி இங்கே பொருந்துவது தங்களுக்கு உவப்பில்லை என்று எழுதி, உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகள் கட்டிப்போட்டிருப்பதால் வேறு வழியில்லை என்று வழக்கை நடத்தச் சொன்னது.

2019-க்குப் பிறகு இதே சம்பவம் நடந்தால் ஓட்டியவருக்கு நிலைமை மாறாது, ஏனென்றால் உயிரைப் பறித்தவர் அவரே. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மாறும். அவர் கொல்லும் நோக்கத்தோடு உதவினார், அல்லது குற்றத்தில் பெரும் பங்காளியாக இருந்து உயிரைத் துச்சமாக மதித்தார் என்று தனியாகக் காட்ட வேண்டும். டயர் உருட்டியது அதற்குப் போதாது.

4 பிப்ரவரி, இரவு 11.10

"பாதுகாப்பான இடம்" என்பதற்கு 2013 வில்கின்ஸ் தீர்ப்பைப் பாருங்கள். கட்டுமானத்தில் இருந்த வீட்டில் திருடிய சாமான்கள் பிக்கப்பில் சரியாகக் கட்டப்படவில்லை. சுமார் 60 மைல் தள்ளி ஃப்ரீவேயில் அடுப்பு ஒன்று சரிந்து விழுந்தது. அதைத் தவிர்க்க வெட்டிய ஒரு ஓட்டுநர் லாரியில் மோதி இறந்தார். பின்னால் எவரும் துரத்தவில்லை. முதல் நிலைக் கொலை என்று தண்டித்தார்கள். தப்பித்தல் எங்கே முடிந்தது என்று ஜூரிக்கு விளக்கவில்லை என்பதற்காக உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. துரத்தல் வழக்கில் இந்த வாதம் எடுபடாது. பின்னால் சைரன் இருக்கும்வரை எந்த இடமும் பாதுகாப்பான இடம் இல்லை. போலீஸ் விலகிய பிறகு நேர்ந்த சாவில்தான் இதற்கு வேலை.

5 பிப்ரவரி, காலை 7.05

இந்தியச் சட்டத்தில் ஃபெலனி மர்டர் ஏன் இல்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லாதது தற்செயல் அல்ல. 1860 தண்டனைச் சட்டம் 299-ஆம் பிரிவில், இன்றைய நியாய சன்ஹிதாவில் 100-ஆம் பிரிவில், ஒரு விளக்க உதாரணம் இருக்கிறது. ஒருவன் திருடும் எண்ணத்தில் கோழியைச் சுடுகிறான். புதருக்குப் பின்னால் ஆள் இருப்பது அவனுக்குத் தெரியாது. ஆள் சாகிறார். சட்டத்துக்குப் புறம்பான காரியம்தான் செய்தான், ஆனால் கொல்லும் நோக்கமோ, மரணம் நேரும் என்ற அறிவோ இல்லாததால் அது கொலைக்குற்றம் ஆகாது. அன்றைய இங்கிலாந்து விதிக்கு நேர் எதிராக வேண்டுமென்றே எழுதிய கோழி இது. இங்கிலாந்து அந்த விதியைக் கைவிட்டது 1957-ல்தான்.

5 பிப்ரவரி, மதியம் 2.30

சாட்சியங்கள். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், தப்புகள் இங்கேதான் அதிகம்.

காரின் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மோதலுக்கு முந்தைய 5 நொடிகள் பதிவாகும்: வேகம், பிரேக் மிதித்ததா இல்லையா, ஆக்சிலேட்டர் எவ்வளவு. இந்த 5 நொடியும், நொடிக்கு இரண்டு அளவுகள் என்பதும் 2024 இறுதியில் திருத்துவதற்கு முந்தைய அமெரிக்க விதி. இரண்டு காரியங்களுக்கு அது உதவும். மோதும்போது என்ன வேகம் என்பது ஒன்று. அதைவிட முக்கியம், சந்திப்பை நெருங்கும்போது ஓட்டியவர் பிரேக்கைத் தொட்டாரா, அழுத்தினாரா என்பது. குற்ற மனத்துக்கு இதைவிட நெருக்கமான சாட்சி கிடைக்காது. சிவப்பு விளக்கைப் பார்த்து ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தவர் ஒருவகை, கடைசி ஒன்றரை நொடியில் பிரேக் போட்டவர் வேறுவகை.

என்ன கெடும்? ஏர்பேக் வெடித்த பதிவு பூட்டிக்கொள்ளும். வெடிக்காத மோதலின் பதிவு பின்னால் அழியலாம். ஆகவே இழுத்துப் போட்ட யார்டில் எவரும் சாவியைப் போட்டுக் கிளப்பிப் பார்க்கக் கூடாது. வேகம் சக்கரச் சுழற்சியிலிருந்து வருவதால், டயர் வெடித்து ரிம்மில் ஓடிய வண்டி, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கிய வண்டி, சக்கரம் வெறுமனே சுழன்ற வண்டி மூன்றிலும் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சறுக்குத் தடம், வீடியோவில் தெரியும் இரண்டு நிலையான புள்ளிகளுக்கு இடையிலான நேரம் இவற்றோடு ஒப்பிட வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டி தடம் விடுவது குறைவு என்பதையும் சேர்த்து.

போலீஸ் காரின் பெட்டியையும் அதே நாளில் எடுக்க வேண்டும். ஓடிய வண்டியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினால், பிறகு எவர் என்ன சொன்னாலும் சரிபார்க்க வழியில்லை. இதில் எதிர்த்தரப்பு கோபப்படுவது முழுக்க நியாயம்.

தூரக் கணக்கு: 90 மைல் என்றால் நொடிக்கு 40 மீட்டர். மனிதருக்கு உறைக்க ஒன்றரை நொடி, 60 மீட்டர் போய்விட்டது. காய்ந்த தாரில் உராய்வு 0.7 என்று வைத்தால் பிரேக் தூரம் இன்னும் 117 மீட்டர். மொத்தம் 177. அதே கணக்கு 55 மைலுக்குச் சுமார் 81 மீட்டர். ஓடுபவருக்கும் துரத்துபவருக்கும் இயற்பியல் ஒன்றுதான்.

5 பிப்ரவரி, இரவு 8.20

அந்தக் கடைசி வரி எங்கே இடிக்கிறது என்றால், 1998 சேக்ரமென்டோ கவுண்டி வழக்கில். மோட்டார் சைக்கிளில் 18 வயது ஓட்டுநர், பின்னால் 16 வயதுப் பையன். ஷெரிஃப் காவலர் துரத்துகிறார். 75 நொடி, 1.3 மைல், 100 மைல் வரை வேகம். இடைவெளி சில இடங்களில் 100 அடி. அந்த வேகத்தில் கார் நிற்க 650 அடி வேண்டும். பைக் ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. கார் சறுக்கி வந்து பையன்மேல் மோதியது, சுமார் 70 அடி தூக்கியெறியப்பட்டு இறந்தான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம், துரத்தலில் ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கமே இருந்தால்தான் அரசியல் சட்ட உரிமை மீறல் என்றது. அலட்சியமோ, பொறுப்பற்றதனமோ போதாது. அது சிவில் வழக்கு. ஆனாலும் அளவுகோலைப் பாருங்கள். 100 அடி பின்னால் 100 மைலில் ஓட்டியது ஓடுபவராக இருந்தால் "தெரிந்தே துணிந்தார்" என்று கொலைக்குப் போதும். பணம் கேட்டுப் போடும் வழக்குக்கே துரத்துபவர் பக்கம் போதவில்லை. அவசரத்தில் யோசிக்க நேரமில்லை என்பது ஒரு தரப்புக்கு மட்டும் கிடைக்கிற சலுகையாக இருக்கிறது. கடமையில் இருப்பவருக்குச் சலுகை வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். இந்த அளவுக்கு வேண்டுமா என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கலிஃபோர்னியாவில் நகராட்சிக்கு இன்னொரு கவசமும் உண்டு. துரத்தல் கொள்கையை எழுத்தில் ஏற்று, ஆண்டுதோறும் பயிற்சி கொடுத்து, படித்துப் புரிந்தேன் என்று ஒவ்வொரு அதிகாரியிடமும் கையெழுத்து வாங்கும்படி வைத்திருந்தால், ஓடிய வண்டியால் நேர்ந்த சாவுக்கு நகராட்சி இழப்பீடு தர வேண்டியதில்லை. 2018-ல் மாநில உச்ச நீதிமன்றம், ஒரு சிலர் கையெழுத்துப் போடாமல் விட்டாலும் கவசம் போகாது என்றது. கொள்கை காகிதத்தில் இருக்க வேண்டும். அன்றைய துரத்தலில் அதன்படி நடந்தார்களா என்பது அந்தக் கவசத்துக்குத் தேவையில்லை.

6 பிப்ரவரி, காலை 9.50

"போலீஸ்காரர் எவருக்காவது கொலைத் தண்டனை கிடைத்ததா?" கிடைத்தது, வாஷிங்டன் டிசியில். 23 அக்டோபர் 2020. ஹெல்மெட் இல்லாமல் நடைபாதையில் மொபெட் ஓட்டிய 20 வயது இளைஞரை டெரன்ஸ் சட்டன் என்ற அதிகாரி துரத்தினார். போக்குவரத்து மீறலுக்குத் துரத்தக் கூடாது என்பது அந்த ஊர்ப் போலீசின் சொந்த விதி. குறுகிய சந்தில் சைரனையும் விளக்கையும் அணைத்துவிட்டு வேகம் கூட்டினார் என்பது அரசுத் தரப்பு. சந்திலிருந்து கென்னடி தெருவில் பாய்ந்த மொபெட்டை அந்த வழியே வந்த கார் அடித்தது. போலீஸ் கார் தொடவே இல்லை.

டிசம்பர் 2022-ல் ஜூரி சட்டனை இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி என்றது. சம்பவத்தை மறைத்ததாக அவர்மேலும் மேலதிகாரி ஆண்ட்ரூ ஸபாவ்ஸ்கி மேலும் சதி, நீதிக்கு இடையூறு குற்றங்கள். செப்டம்பர் 2024-ல் 66 மாதம், 48 மாதம். 2025 ஜனவரி 22-ஆம் தேதி ஜனாதிபதி டிரம்ப் இருவருக்கும் மன்னிப்பு வழங்கிவிட்டார்.

இழை தொடங்கியவர் கேட்டதைத் தலைகீழாகப் பிடித்தால் இந்த வழக்கு. தொடாத வண்டி பொறுப்பாகும் என்ற காரணத் தொடர்பு விதி இரண்டு திசையிலும் ஓடும். மன்னிப்பு அந்த விதியை மாற்றவில்லை, தண்டனையைத்தான் எடுத்தது.

6 பிப்ரவரி, மாலை 5.15

இங்கிலாந்து, சுருக்கமாக. அங்கே போலீஸ் ஓட்டுநருக்கும் சாதா ஓட்டுநருக்கும் ஒரே அளவுகோல் என்று 2009 பேனிஸ்டர் தீர்ப்பு சொன்னது. சிறப்புப் பயிற்சி பெற்றேன் என்பது பதில் ஆகாது. அதன்படி பார்த்தால் பயிற்சியில் சொல்லித்தந்த துரத்தல் முறையே சட்டப்படி ஆபத்தான ஓட்டல் ஆகிவிடும். 2022 சட்டம் இதை மாற்றியது. அந்த ஆண்டு நவம்பர் 30 முதல், அதே பயிற்சி பெற்ற திறமையும் கவனமும் உள்ள போலீஸ் ஓட்டுநர் என்ன செய்திருப்பார் என்று ஒப்பிட வேண்டும். எனக்கு இது சரியான இடமாகப் படுகிறது. விலக்கும் இல்லை, பொறியும் இல்லை. ஆபத்தான ஓட்டலால் மரணம் விளைவித்தால் உச்சத் தண்டனை 14 ஆண்டாக இருந்தது, 28 ஜூன் 2022 முதல் ஆயுள்.

7 பிப்ரவரி, காலை 6.40

மறு யோசனை. ஷ்மீஸில் போலீஸ் உள்விதியை ஜூரிக்குக் காட்டாதது சரி என்ற தொனியில் முதல் குறிப்பை எழுதியிருந்தேன். குற்ற மனத்துக்கு அது சரிதான். ஓடுபவருக்கு அந்த விதிப்புத்தகம் தெரியாது, தெரியாத ஒன்று அவர் மனதை மாற்றாது. ஆனால் காரணத் தொடர்புக்கு? போலீஸ் நடத்தை எந்த மனிதரும் எதிர்பார்க்க முடியாத அளவு விபரீதமானால் சங்கிலி அறுபடலாம் என்பதும் சட்டம்தான். எது விபரீதம் என்று அளக்க, அந்தத் துறை எதைச் சாதாரணமாக நினைக்கிறது என்று ஜூரிக்குத் தெரிய வேண்டாமா? டிசி வழக்கில் அதே மாதிரி விதிதான் அதிகாரிக்கு எதிராகச் சாட்சியமானது. ஒரு கோர்ட்டில் உள்ளே வரும் காகிதம் இன்னொன்றில் வாசலில் நிற்கிறது. முழுதாக ஏற்க முடியவில்லை.

7 பிப்ரவரி, இரவு 9.00

கடைசியாக வந்த கேள்வி: ஓடும் காரின் பின்சீட்டில் "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டிருந்தவர் செத்தால்?

2800.3 "எந்த நபருக்கும்" மரணம் என்கிறது. உள்ளே இருந்தவரும் அதில் அடக்கம். ஓட்டியவருக்கு அதே 4, 6, 10. அந்தக் கத்தலை வேறு எவராவது கேட்டிருந்தால், அல்லது போனில் பதிவாகியிருந்தால், அது கொலைக்கான சாட்சியமாகவும் மாறும். ஆபத்து என்று பக்கத்திலிருந்தே ஒருவர் சொல்லியும் நிறுத்தவில்லை. உயிர் பிழைத்த பயணிகளிடம் வாக்குமூலம் வாங்கும்போது "யார் ஓட்டினார்" என்பதோடு விட்டுவிடுவதைப் பல கோப்புகளில் காணலாம். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள், எந்தச் சந்திப்பில் யார் என்ன சொன்னார், அதற்கு ஓட்டுநர் என்ன பதில் சொன்னார் என்று அன்றைக்கே கேட்டு எழுத வேண்டும்.